கையில் ஐந்நூறு, கன்னத்தில் வீக்கம்: பல்வலிக்கு எங்கே போவது, என்ன செய்வது

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது. சர்க்கரையும் பிரஷரும் உண்டு. இடது பக்கம் கீழே கடைவாய்ப்பல் சொத்தை. நாலு நாளாக ராத்திரியில் தூக்கம் இல்லை, நேற்றிலிருந்து கன்னம் லேசாக வீங்கியிருக்கிறது. கிளினிக்கில் ரூட் கெனால் (பல்லைத் திறந்து உள்ளே கெட்டுப்போன நரம்பை எடுத்து அடைப்பது), கேப் (அதன் மேல் மாட்டும் உறை) எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் சொல்லியிருக்கிறார்கள். கையில் இருப்பது ஐந்நூறு ரூபாய். மெடிக்கலில் வாங்கிய மாத்திரை மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. என்ன மாத்திரை கொடுக்கலாம், எங்கே போனால் செலவு குறையும், சர்க்கரை இருந்தால் பல்லை எடுக்கக் கூடாது என்கிறார்களே அது நிஜமா, எடுத்தால் வேறு பல் கட்டியே ஆக வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் பல் மருத்துவர், கடலூரில்தான் கிளினிக். தம்பி, பணக் கணக்குக்குப் போவதற்கு முன்னால் அம்மாவை வெளிச்சத்தில் உட்கார வைத்துச் சிலவற்றைப் பாருங்கள். வாயை எவ்வளவு திறக்க முடிகிறது? இரண்டு விரலை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் பல்லுக்கு நடுவே நுழைகிறதா? எச்சில் விழுங்க முடிகிறதா? தாடைக்குக் கீழே, கழுத்துப் பக்கம் தொட்டால் பலகை மாதிரி கெட்டியாக இருக்கிறதா? நாக்கு மேலே தூக்கிக்கொண்டு பேச்சு குழறுகிறதா? குளிர் ஜுரம் இருக்கிறதா? விரல் நுழையாவிட்டாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, மற்றவற்றில் ஒன்று இருந்தாலோ விடியும் வரை காத்திருக்கக் கூடாது. மூச்சு வாங்கினாலோ விழுங்க முடியாமல் எச்சில் வழிந்தாலோ 108-ஐ அழையுங்கள். கீழ்க் கடைவாய்ப்பல்லின் வேர் தாடைக்குள் ஆழமாகப் போகும். அங்கே பிடிக்கிற சீழ் நாக்குக்கு அடியிலும் கழுத்துக்கும் இறங்க வழி இருக்கிறது. இரண்டு பக்கமும் அப்படி இறங்கி மூச்சுக்குழாயை நெருக்கும் நிலையை லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் 1836-இலேயே எழுதி வைத்தார். ஆன்டிபயாடிக் வந்த பிறகும் அதில் உயிர் போவதுண்டு. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பல்வலியில் ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை எது, காலை வரை தாங்குகிற நிலை எது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மேல் பல்லில் வந்த வீக்கம் கண்ணை மூடுகிற அளவுக்கு ஏறினாலும் இதே அவசரம்தான்.

இது எதுவும் இல்லை, கன்னம் மட்டும் லேசாக உப்பியிருக்கிறது என்றால் நாளைக் காலை வரை நேரம் இருக்கிறது. நாளைக் காலை வரைதான், அடுத்த வாரம் வரை இல்லை.

இந்தப் பல்லுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் காசை எங்கே போடுவது என்பதும் புரிந்துவிடும். சொத்தை மேலோடாக இருக்கும்போது ஜில்லென்று பட்டால் கூசும், உடனே விட்டுவிடும். அந்தக் கட்டத்தில் அடைத்தால் சில நூறு ரூபாயில் வேலை முடிகிறது. அப்புறம் சொத்தை நரம்பு இருக்கிற அறையைத் தொடும். அப்போது வலி தானாக வரும், படுத்தால் ஏறும், சூடு பட்டால் துடிக்கும். சில பேர் கையில் வாட்டர் பாட்டிலோடு என் கிளினிக்குக்குள் நுழைவார்கள். நிமிஷத்துக்கு ஒரு வாய் ஜில் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டால்தான் அவர்களால் உட்கார முடியும். அதைப் பார்த்தாலே வாயைத் திறக்கச் சொல்லாமல் எனக்குக் கதை தெரிந்துவிடும்: நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. இதற்கு அடுத்த கட்டம்தான் ஆளை ஏமாற்றுவது. நரம்பு செத்ததும் வலி பட்டென்று நின்றுவிடும். வீட்டில் எல்லாரும் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். சீட்டுப் பணம் வேறு செலவுக்குப் போய்விடும். உள்ளே அழுகியது வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். சில வாரமோ சில மாதமோ கழித்துக் கன்னம் வீங்கும். அடைத்தால் போதும் என்றிருந்த பல் ரூட் கெனாலுக்கும், ரூட் கெனால் செய்யலாம் என்றிருந்த பல் எடுப்பதற்கும் வந்து சேர்வது பெரும்பாலும் அந்த வலியில்லாத இடைவெளியில்தான்.

அதனால்தான் சொல்கிறேன், கையில் பணம் குறைவாக இருக்கிறவர்கள் மாத்திரையில் நாள் கடத்துவதுதான் மிக அதிகச் செலவு. முள்ளை எடுக்காமல் காலுக்குக் களிம்பு தடவிக்கொண்டிருக்கிற கதை அது. பல்லைத் திறந்து உள்ளிருப்பதை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் பல்லை எடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று நடந்தால்தான் வலி போகும். மாத்திரை அதுவரைக்கும் தாக்குப்பிடிக்க.

சரி, இன்று ராத்திரிக்கு என்ன செய்வது? உங்கள் அம்மாவுக்குப் பாராசிட்டமால் 650 மில்லிகிராம் மாத்திரை, ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே மெடிக்கலில் வாங்கிய மாத்திரையிலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம். அட்டையைத் திருப்பி அதில் என்னென்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துக் கல்லீரலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பல்வலிக்கு உண்மையில் நன்றாகக் கேட்பது இபுபுரூஃபன் 400. பாராசிட்டமாலோடு சேர்த்துச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் வேறு எந்தப் பெரிய மாத்திரையும் தேவைப்படாத அளவுக்கு அடங்கும். ஆனால் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து இருப்பவர்களுக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் இபுபுரூஃபனோ டைக்ளோஃபெனாக்கோ கொடுக்க நான் சொல்ல மாட்டேன். வயிற்றுப் புண், ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள், கர்ப்பிணிகள் எல்லாரும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். மழைக்காலத்தில் இன்னொன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் டெங்கு சுற்றும். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் இபுபுரூஃபன், ஆஸ்பிரின் இரண்டுமே கூடாது, பாராசிட்டமால் மட்டும்தான்.

அப்புறம் கடைகளில் கொடுக்கும் 'ஒரு செட்'. பல்வலி என்றதும் சின்னக் காகிதக் கவரில் நாலைந்து மாத்திரையை வெட்டிப் போட்டு, வேளைக்கு ஒரு செட் என்று கொடுத்துவிடுவார்கள். அட்டை இல்லாததால் என்ன மாத்திரை என்று உங்களுக்கும் தெரியாது, மறுநாள் பார்க்கிற எனக்கும் தெரியாது. சில செட்டில் ஸ்டீராய்டும் கிடக்கும். வலி அருமையாக அடங்கும். சர்க்கரை எகிறிவிடும். உங்கள் அம்மாவுக்குச் செட் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். பாராசிட்டமாலை மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்கத் திறந்த முதல்வர் மருந்தகத்திலோ முழு அட்டையாக வாங்கினாலும் ஒரு செட்டின் விலை வராது.

ஆன்டிபயாடிக் கேட்கிறவர்கள் நிறைய. வெறும் நரம்பு வலிக்கு அது ஒன்றும் செய்யாது. வலி மாத்திரையும் இல்லை அது. நரம்பு செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது, மருந்து எந்த வழியாக உள்ளே போகும்? வீக்கம் பரவும்போது, காய்ச்சல் இருக்கும்போது, உங்கள் அம்மா மாதிரி சர்க்கரை உள்ளவருக்கு வீக்கம் வந்திருக்கும்போது டாக்டர் எழுதிக் கொடுப்பார். அதுவும் சீழை வெளியேற்றுவதோடு சேர்த்துத்தான். அதில் மெட்ரோனிடசோல் இருந்தால் அந்த நாட்களில் மது கூடாது. உங்கள் அம்மாவுக்கு இது பொருந்தாது, ஆனால் புதுச்சேரி பார்டரில் கிளினிக் வைத்திருக்கிறவன் இதைச் சொல்லாமல் விட முடியாது. பல்வலிக்குப் பிராந்தியைக் கொப்பளித்து விழுங்கிவிட்டு வருகிற ஆட்களை நான் பார்க்காத வாரம் குறைவு.

வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிக்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். சொத்தைக் குழிக்குள் சாப்பாட்டுத் துணுக்கு அடைந்திருந்தால் அதை எடுத்தாலே பாதி வலி போகும். கன்னத்துக்கு வெளியே துணியில் சுற்றிய ஐஸ். சூட்டு ஒத்தடம் வேண்டாம், வீக்கத்தை அது கிளறிவிடும். இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்க வையுங்கள். கிராம்புத் தைலம் கேட்கும், அதில் உள்ள யூஜினாலைத்தான் நாங்களும் தற்காலிக அடைப்பில் துத்தநாக ஆக்சைடோடு குழைத்து வைக்கிறோம். ஆனால் பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு, பிழிந்து, குழிக்குள் மட்டும் வைக்க வேண்டும். விரலில் ஊற்றி ஈறு முழுக்கத் தேய்த்தால் ஈறு வெந்து வெள்ளையாகிவிடும். கற்பூரம், பெட்ரோல், பேட்டரித் தண்ணீர் எல்லாம் வைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. புகையிலையை அடக்கிக்கொள்வது இன்னும் மோசம். பல்வலிக்கென்று தொடங்கி, வலி போன பிறகும் விட முடியாமல், பல வருஷம் கழித்துக் கன்னத்தின் உள்பக்கம் புண்ணோடு வருகிறவர்களைப் பார்த்தவன் சொல்கிறேன்.

இனி எங்கே போவது. நெல்லிக்குப்பத்திலிருந்து உங்களுக்கு முதல் இடம் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை. அங்கே பல் பிரிவு உண்டு. பல் எடுப்பதற்கும், சீழை வடிப்பதற்கும், சர்க்கரை பார்ப்பதற்கும் செலவு இல்லை. டவுன் பஸ் என்றால் அம்மாவுக்கு டிக்கெட்டும் இல்லை. காலை ஓ.பி. தொடங்கும்போதே சீட்டு வாங்கிவிட வேண்டும். பதினொரு மணிக்குப் போய் நின்றுகொண்டு கூட்டம் என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் பல் ஓ.பி. பெரும்பாலும் இருக்காது. அந்த நாட்களில் வீக்கம் அதிகமானால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

ரூட் கெனால் செய்து பல்லைக் காப்பாற்றும் எண்ணம் இருந்தால் பல் மருத்துவக் கல்லூரிதான் ஏழைக்கு ஏற்ற இடம். நமக்கு இரண்டு பக்கமும் ஒன்று இருக்கிறது. வடக்கே புதுச்சேரி கோரிமேட்டில், இந்திரா நகரில், புதுச்சேரி அரசு நடத்தும் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி, 1990-இல் தொடங்கியது. இப்போது மேற்படிப்பு நிறுவனமாக இருக்கிறது. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜிப்மர் போகிற பஸ்ஸில் ஏறினால் அந்தப் பக்கம்தான். கடலூர், விழுப்புரம் ஆட்கள் அங்கே எப்போதும் இருப்பார்கள். தெற்கே சிதம்பரம் அண்ணாமலை நகரில், முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்று இருந்தது, இப்போது அரசின் சுகாதாரத் துறை வசம். 1980-இலிருந்து நடக்கிறது. இவை தவிர கடலூர்–புதுச்சேரி சாலையிலேயே பிள்ளையார்குப்பத்திலும், விழுப்புரம் சாலையில் அரியூரிலும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார்தான் என்றாலும் கற்பிக்கிற இடம் என்பதால் வெளிக் கிளினிக்கை விடக் கட்டணம் குறைவு.

மாணவர்கள் கை வைப்பார்களே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நான் எதிர்ப்பக்கம். ஹவுஸ் சர்ஜன், அதாவது படிப்பின் கடைசியில் பயிற்சியில் இருப்பவர், மெதுவாகச் செய்வார், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பேராசிரியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த கட்டம். அவசரமாக முடித்து அடுத்த ஆளை உட்கார வைக்கும் அவசியம் அவருக்கு இல்லை. அவருக்கு இத்தனை ரூட் கெனால் முடிக்க வேண்டும் என்று கணக்கு வேறு இருக்கும், அதனால் நீங்கள் வராவிட்டாலும் அவரே போன் பண்ணிக் கூப்பிடுவார். இதில் உண்மையான குறை நேரம்தான். கிளினிக்கில் இரண்டு தடவையில் முடிவது அங்கே நாலைந்து தடவை ஆகும். பஸ் கட்டணம், உங்கள் ஒரு நாள் சம்பளம், அம்மாவோடு துணைக்குப் போகிறவரின் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். சில குடும்பத்துக்கு, உள்ளூர் கிளினிக்கில் தவணையில் கட்டுவதே மலிவாக முடிந்துவிடும்.

கம்பெனியில் வேலை செய்து சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், உங்களைச் சார்ந்திருக்கும் அம்மாவுக்கும் அதில் பார்க்கலாம். சிப்காட்டில் வேலை பார்க்கிற பிள்ளைகள் பலருக்கு இது நினைவுக்கே வருவதில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நம்பி ரூட் கெனாலுக்குப் போக வேண்டாம், அது உள்நோயாளி சிகிச்சைக்கும் அறுவை சிகிச்சைக்குமானது. சீழ் கழுத்துக்கு இறங்கி அட்மிட் செய்கிற நிலை வந்தால் மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இனி, அந்த ஒன்பதாயிரம். ரூட் கெனாலுக்கு மூன்று நாலு ஆயிரம், கேப்புக்கு இரண்டிலிருந்து ஐந்தாயிரம் என்று நம் பக்கம் பொதுவாக வாங்குகிறார்கள். சொன்ன தொகை கொள்ளை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதை மொத்தமாக முதல் நாளே கட்ட வேண்டியதில்லை. கிளினிக்கில் போய் உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "டாக்டர், இன்றைக்கு வலி போக மட்டும் என்ன செய்ய வேண்டும், அதற்கு எவ்வளவு?" பல்லை மரக்க வைத்துத் திறந்து, உள்ளே இருக்கும் அழுகலை எடுத்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்துவிட்டாலே அன்று ராத்திரி தூங்கலாம். இது ரூட் கெனாலின் முதல் உட்காரல்தான், வீணாகாது. மீதியைச் சம்பளம் வந்ததும் தொடரலாம். ஆனால் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்களில் பெரும்பாலோர் பகுதி பகுதியாக வாங்கிக்கொள்வோம். வேலை முடிந்த பிறகு பணம் இல்லை என்பதும், முன்னாலேயே சொல்வதும் வேறு வேறு.

எக்ஸ்ரே எடுத்தால் படத்தைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கோரிமேட்டுக்குப் போனாலும் சிதம்பரத்துக்குப் போனாலும் அதைக் காட்டலாம். கேப்பில் உலோகக் கேப் மலிவு, உள்ளே கடைவாய்ப்பல்லுக்கு அதுவே போதும். பீங்கான் வெள்ளையாக இருக்கும், சிரித்தால் தெரியாத இடத்தில் அந்த வெள்ளைக்குப் பணம் போடுவது அவரவர் விருப்பம். ஆனால் ரூட் கெனால் செய்துவிட்டுக் கேப்பே போடாமல் வருஷக்கணக்கில் விட்டால் ஒரு நாள் முறுக்கு கடிக்கும்போது பல் இரண்டாகப் பிளந்துவிடும். அப்போது செலவு செய்த ரூட் கெனாலும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில், சந்தையில் துணி விரித்துப் பல் கட்டுகிறவர்களிடம் போக வேண்டாம். பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பிளாஸ்டிக்கை ஊற்றி ஒட்டிவிடுவார்கள். ஒரு பல் போன இடத்தில் மூன்று பல் போகும்.

சர்க்கரை விஷயம். "சர்க்கரை இருந்தால் பல் எடுக்கக் கூடாது" என்பது பாதி உண்மையில் முளைத்த பயம். கட்டுக்கடங்காத சர்க்கரையில் புண் ஆறத் தாமதமாகும், அதனால் அவசரமில்லாத பல்லை நாங்களும் தள்ளிப் போடுவோம். ஆனால் சீழ் கட்டிய பல் வாயில் இருக்கும்வரை சர்க்கரை இறங்காது. நோய்த்தொற்றே சர்க்கரையை ஏற்றிவிடும். இறங்கட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று காத்திருந்தால் இரண்டும் நடக்காது. வீக்கத்தோடு வந்தவருக்குச் சர்க்கரை பார்த்து, தேவைப்பட்டால் மருத்துவரிடம் பேசி, சீழை வடித்து, ஆன்டிபயாடிக் கொடுத்துச் செய்வோம். நீங்கள் செய்ய வேண்டியது: காலையில் வழக்கம்போல் இட்லியோ எதுவோ சாப்பிட வைத்து, சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் போட வைத்து அழைத்துப் போங்கள். ஊசி போடப் போகிறார்கள் என்று வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக் கூட்டி வந்து, நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கி வேர்த்து மயங்கியவர்களை நான் கையாண்டிருக்கிறேன். மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை போடுகிறவர்கள் அதை நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள், அது டாக்டர் சொல்ல வேண்டியது.

மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்று யாராவது திண்ணையில் சொல்வார்கள். கண் நரம்புக்கும் பல் நரம்புக்கும் அப்படி ஒரு தொடர்பு கிடையாது. வீங்கியிருக்கும்போது மரக்கிற ஊசி சரியாகக் கேட்காது என்பது மட்டும் உண்மை. சீழ் உள்ள இடத்தில் அமிலத் தன்மை கூடிவிடும், மருந்து வேலை செய்யத் திணறும். அதனால் டாக்டர் வீக்கத்தை வடித்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்து வரச் சொன்னால், தட்டிக் கழிக்கிறார் என்று நினைக்காதீர்கள்.

பல்லை எடுத்துவிட்டால், பஞ்சை முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். நடுநடுவே எடுத்து ரத்தம் நின்றதா என்று பார்க்கக் கூடாது. அன்று முழுக்கத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. எச்சிலில் சிவப்புக் கலந்து வந்தால் அது ரத்தம் ஊற்றுவது இல்லை, விழுங்கிவிடலாம். நிஜமாகவே நிற்காவிட்டால் சுத்தமான துணியைச் சுருட்டி, அந்தக் குழி மேல் வைத்து மறுபடி கடிக்கச் சொல்லுங்கள். நனைத்துப் பிழிந்த தேயிலைப் பையும் உதவும், டீயின் துவர்ப்பு ரத்தத்தை உறைய வைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீர். மூன்றாம் நாள் வாக்கில் வலி குறையாமல் காது வரை இழுத்தால் உறைந்த ரத்தம் கழன்று எலும்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம். பீடி குடிக்கிறவர்களுக்கு இது அதிகம். போய்க் கழுவி மருந்து வைத்தால் அன்றே அடங்கும்.

வேறு அவசரத்தோடு இதைப் படிக்க வருகிறவர்களுக்காக இரண்டு விஷயம். கேப் கழன்று கையில் வந்துவிட்டால் ஃபெவிக்விக் போட்டு ஒட்டாதீர்கள், கழுவி டப்பாவில் வைத்து எடுத்துப் போனால் பெரும்பாலும் அதையே திரும்ப ஒட்டலாம், புதுக் கேப்புக்கான காசு மிச்சம். இரண்டாவது, பிள்ளைகள் விழுந்து முன்பல் முழுசாகப் பிடுங்கிக்கொண்டு வருவது. போன வருஷம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஏழாம் வகுப்புப் பையனைப் பைக்கில் தூக்கிக்கொண்டு வந்தார். பையன் சட்டையெல்லாம் ரத்தம். வாத்தியார் கையில் டீக்கடை டம்ளர், அதில் பால், பாலுக்குள் பல். டீக்கடைக்காரர்தான் சொன்னாராம், காய்ச்சாத பாக்கெட் பாலை உடைத்து ஊற்றியும் கொடுத்தாராம். அந்தப் பல் இப்போதும் பையன் வாயில் இருக்கிறது. செய்ய வேண்டியது அவ்வளவுதான்: பல்லை வெள்ளையான மேல் பகுதியில் பிடிக்க வேண்டும், வேரைத் தொடக் கூடாது, தேய்க்கக் கூடாது. அழுக்கு இருந்தால் சில விநாடி தண்ணீரில் காட்டிவிட்டு, முடிந்தால் அதே குழியில் திருப்பி வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லலாம். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு, அரை மணிக்குள், அதிகபட்சம் ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் வந்துவிட வேண்டும். கைக்குட்டையில் மடித்து வைத்தால் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் காய்ந்து செத்துவிடும். விழுந்தது பால் பல் என்றால் திருப்பி வைக்க வேண்டாம், கீழே வளரும் பல்லுக்குத்தான் சேதம்.

கடைசிக் கேள்வி, எடுத்த இடத்தில் வேறு பல் கட்டியே ஆக வேண்டுமா? எந்தப் பல் என்பதைப் பொறுத்தது. கடைசிப் பல், அதற்கு எதிரே மேலே பல்லும் இல்லை என்றால் எதுவும் கட்ட வேண்டாம், காலி இடமாகவே இருக்கட்டும். அதற்கு முந்தைய பல் என்றால் சில வருஷத்தில் பின்பல் சாயும், மேல் பல் கீழே இறங்கும், மெல்லுவது ஒரு பக்கமாகவே போகும். அதனால் கட்டுவது நல்லது, ஆனால் அவசரம் இல்லை. புண் ஆறி ஈறு இறுகவே இரண்டு மூன்று மாதம் ஆகும். அந்தப் பல்லுக்குச் சொத்தை ஈறுக்குக் கீழே இறங்கிவிட்டது, ஆடுகிறது என்று எக்ஸ்ரேயில் தெரிந்தால் ஒன்பதாயிரத்துக்குக் கடன் வாங்கிக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், அரசு மருத்துவமனையிலேயே எடுத்துவிடுங்கள். வேர் கெட்டியாக இருக்கிறது என்றால் திறந்து மருந்து வைத்துக்கொண்டு, மீதியைக் கோரிமேட்டில் தொடருங்கள். எடுத்த பிறகு கட்டுவதாக இருந்தால் கழற்றி மாட்டுகிற பல்தான் மலிவு, கல்லூரியில் இன்னும் மலிவு. ராத்திரி கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டு வைக்க வேண்டும், போட்டபடியே தூங்கக் கூடாது.